தலைவலிகூட இல்லை, எனக்கு எதற்கு பிபி மாத்திரை?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் 46 வயது வாசகி எழுதிய கடிதம் இது. அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் அவருக்கு பிபி 164/102 இருந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரவைத்துப் பார்த்தபோது 158/98. அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் கணுக்கால் வீங்கியதும் "மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது" என்று பயந்து நிறுத்திவிட்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. "பிபி இருந்தா கோபம் வரும்னு சொல்றாங்க, எனக்குக் கோபமே வராது டாக்டர்" என்கிறார். ஒரு வருடமாக மாதவிலக்கு முறையாக வருவதில்லை. "இதெல்லாம் அந்த வயசுக் கோளாறு, மாதவிலக்கு நின்னா சரியாப் போயிடும்" என்று மாமியார் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பிபிக்கு ஒரு நாட்டு மருந்துப் பொடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி வாரத்துக்கு நாலைந்து நாள் போட்டுக்கொள்கிறார். அம்மா 61 வயதில் பக்கவாதம் வந்து இறந்தவர். கடிதத்தின் கடைசியில், "இது சம்பந்தமில்லாத விஷயம், இருந்தாலும் சொல்றேன்" என்று ஒரு வரி: 19 வருடத்துக்கு முன் இரண்டாவது பிரசவத்தில் எட்டாவது மாதம் பிபி ஏறி, கால் முகம் எல்லாம் வீங்கி, அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள்.

அவர் கேட்பது: எனக்கு உண்மையிலேயே பிபி இருக்கிறதா? மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க விட முடியாதா? கிட்னி போய்விடாதா?

அன்புள்ள சகோதரிக்கு,

சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைத்து எழுதிய அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

கர்ப்ப காலத்தில் பிபி ஏறி, சிறுநீரில் புரதம் போய், உடம்பு வீங்கி, குழந்தையைச் சீக்கிரம் எடுக்கவேண்டி வருவதற்கு ப்ரீஎக்லாம்ப்சியா என்று பெயர். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் அதுதான். பிரசவம் முடிந்து சில வாரத்தில் பிபி இறங்கிவிடும். "எல்லாம் சரியாப் போச்சு" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தையின் தடுப்பூசிக்கு வருவோம், நம் பிபியைப் பார்க்க யாரும் வரச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அப்படி ஒரு கர்ப்பத்தைக் கடந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகம். மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கர்ப்பத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது உங்களுக்கு பிபி பார்த்திருக்க வேண்டும். இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது என்னை வருத்தப்பட வைக்கிறது. அது உங்கள் தப்பு இல்லை.

அதனால், ஆறு மாதத்துக்கு முன் முகாமில் திடீரென்று முளைத்த பிபி என்று இதை நினைக்காதீர்கள். அம்மாவுக்கும் இருந்திருக்கலாம், கர்ப்பத்தில் தலைகாட்டியது, இப்போது மாதவிலக்கு நிற்கும் காலத்தில் மறுபடி வந்திருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே பிபி இருக்கிறதா?

இருக்கிறது என்றுதான் சொல்வேன். முகாமில் எடுத்த 164/102-ஐ மட்டும் வைத்து நான் அப்படிச் சொல்லமாட்டேன். வரிசையில் நின்று, டீ குடித்த கையோடு, சூப்பர்வைசர் பார்க்கிறாரே என்ற பதற்றத்தில் எடுத்த அளவு அது. ஷிஃப்டில் பாத்ரூம் போக முடியாமல் அடக்கிக்கொண்டே இருப்பேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலே பிபி சில புள்ளிகள் கூடுதலாகத்தான் காட்டும். ஆனால் இரண்டு வாரம் கழித்து, வேறு இடத்தில், உட்காரவைத்துப் பார்த்தும் 158/98. மருத்துவமனையில் வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேலேயே இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்.

சந்தேகம் தீர ஒரு வாரம் வீட்டில் பார்த்துவிடுங்கள். மேல் கையில் பட்டை கட்டும் மிஷின் வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, டீ குடிக்கும் முன், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரவிலும் அதேபோல். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகமே வேண்டாம். கை கொஞ்சம் பருமன் என்றால் பெரிய அளவுப் பட்டை கேட்டு வாங்குங்கள். சின்னப் பட்டை பொய்யாக அதிகம் காட்டும்.

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, கோபம் வரவில்லை என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. பிபி 170 இருக்கும் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. உலக அளவில் உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 21 சதவீதம் பேருக்கு பிபி அதிகமாக இருந்தது, அல்லது அவர்கள் அதற்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களில் அது 24 சதவீதம். இது ஆம்பளைங்க வியாதி என்று ஒதுக்கிவைக்க இடமே இல்லை. அறுபது அறுபத்தைந்து வயதைத் தாண்டினால் பெண்கள் ஆண்களை முந்திவிடுகிறார்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. ரத்தக் குழாய்களின் நெகிழ்வு குறைகிறது, உப்புக்கு உடம்பு கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது, வயிற்றைச் சுற்றி எடை ஏறுகிறது. அந்த வயதில் பிபி ஏறுவதற்கு இவையெல்லாம் காரணம். ஆனால் மாதவிலக்கு முழுசாக நின்றுவிட்டால் பிபி இறங்கிவிடும் என்பது மட்டும் நடக்காது. அப்போதுதான் அது நிலைத்து நிற்கும். இன்னொரு சிக்கல், உடம்பு திடீரெனச் சூடாவது, படபடப்பு, தூக்கம் வராமை எல்லாம் இந்த வயதில் வருவதால், இதயத்திலிருந்து வரும் தொந்தரவைக்கூட "அந்த வயசுக் கோளாறு" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறார்கள், சில சமயம் கிளினிக்கிலும் சொல்லிவிடுகிறார்கள்.

வெளியே தெரியாமல் உள்ளே என்ன நடக்கிறது

சிறுநீரகத்தை முதலில் சொல்கிறேன், உங்கள் பயமே அதைப் பற்றித்தானே. பிபி வருடக்கணக்கில் உயரத்திலேயே இருந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் சேதமாகி, புரதம் சிறுநீரில் கசிய ஆரம்பிக்கும். வலிக்காது. சிறுநீர் எப்போதும்போலப் போகும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு கூடுகிறது என்று தெரியவரும்போது, சிறுநீரகத்தின் வேலைத் திறனில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். அதற்கு முன்பே கண்டுபிடிக்கச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை போதும்.

இதயத்தில் பெண்களுக்கென்று ஒரு பாணி உண்டு. அதிக அழுத்தத்துக்கு எதிராக அடித்து அடித்து இடது அறையின் சுவர் தடித்து, விறைத்துப்போகும். இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளாது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால் "பம்ப்பிங் நார்மல்" என்று வரும். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் மூச்சு முட்டும். இந்த வகை இதயச் செயலிழப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். "வயசாச்சு, வெயிட் போட்டேன், அதான் மூச்சு வாங்குது" என்று பெண்கள் வருடக்கணக்கில் சமாளித்துக்கொண்டிருப்பார்கள்.

மூளைக்கு வருவோம். பெரிய குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம். உங்கள் அம்மாவுக்கு நடந்தது. அதைவிட அமைதியாக, மூளையின் ஆழத்தில் இருக்கும் மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுவதும் உண்டு. கையும் காலும் விழாது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஞாபகம் தடுமாறும், நடை தடுமாறும். நாற்பது ஐம்பது வயதில் கட்டுப்படாத பிபிக்கும் எழுபதில் வரும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டு.

அளவாகச் சொன்னால், 40 வயதிலிருந்து 70 வரை, மேல் அளவு 115-ஐத் தாண்டி ஒவ்வொரு 20 புள்ளி ஏறும்போதும் மாரடைப்பாலோ பக்கவாதத்தாலோ இறக்கும் அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது. 118 இருக்கும் உங்கள் வயதுப் பெண்ணோடு ஒப்பிட்டால் 158-ல் உங்கள் அபாயம் நான்கு மடங்கு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இதே கணக்கு திரும்பியும் வேலை செய்கிறது. மேல் அளவை வெறும் 10 புள்ளி இறக்கினாலே பக்கவாதம் கால் பங்குக்கு மேல் குறைகிறது. மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் சிகிச்சை அதிகம் இல்லை.

மாத்திரையும் கணுக்கால் வீக்கமும்

அம்லோடிபின் ரத்தக் குழாய்களை விரிவாக்கும் மருந்து. அப்படி விரிவதால் கணுக்கால் பக்கம் நீர் கசிந்து வீங்கலாம். பெண்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே வரும், நாள் முழுக்க நின்றே வேலை செய்தால் இன்னும் அதிகம். அது கிட்னி கெட்டதன் அடையாளம் இல்லை, மாத்திரையை விட்டால் வடிந்துவிடும். நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்கு நீங்கள் செய்திருக்க வேண்டியது, நேராகப் போய் "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கவில்லை, வேறு தாருங்கள்" என்று கேட்பது. அது உங்கள் உரிமை. அம்லோடிபின் அளவைப் பாதியாக்கி டெல்மிசார்ட்டான் என்ற இன்னொரு பிபி மருந்தைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் வீக்கமும் குறையும். எனாலப்ரில் வகை பிபி மருந்து கொடுத்தால் வறட்டு இருமல் வரலாம், அதுவும் பெண்களுக்குத்தான் அதிகம். அதையும் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். டெல்மிசார்ட்டான், எனாலப்ரில் இரண்டுமே கர்ப்பத்தில் கூடாது. மாதவிலக்கு ஒழுங்காக வராத 46 வயதிலும் கர்ப்பம் தரிக்கச் சின்ன வாய்ப்பு உண்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவரா இல்லையா என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆயுசு முழுக்கவா என்றால், பெரும்பாலும் ஆமாம். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவதால் அல்ல. பிபிக்குக் காரணமான மாற்றம் உடம்பிலேயே இருப்பதால். மாத்திரை இருக்கும்வரை இறங்கியிருக்கும், நிறுத்தினால் பழைய இடத்துக்கே போகும். எடை குறைத்து, உப்பைக் குறைத்து, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் சிலருக்கு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறோம், ஒரு சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறோம். அந்த முடிவை அளவுகளைப் பார்த்துச் சேர்ந்து எடுக்கலாம். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

நிறுத்தவேண்டியது வேறு ஒன்று

கிட்னி கெட்டுவிடும் என்று பிபி மாத்திரையை விட்டுவிட்டு, டைக்ளோஃபெனாக்கைத் தொடர்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும். பிபி மருந்தின் வேலையையும் மட்டுப்படுத்தும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். பாத்ரூம் போகவேண்டுமே என்று தண்ணீரும் குடிக்காமல் இருக்கும் உடம்பில் இது இரட்டைக் கேடு. இன்றைக்கே நிறுத்துங்கள். ரொம்ப வலித்தால் பாராசிட்டமால் எப்போதாவது போடலாம். முழங்காலில் தடவும் ஜெல் ரத்தத்தில் கொஞ்சம்தான் சேரும், அது பரவாயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். இரண்டு காலுக்கும் மாற்றி மாற்றி, காலை மாலை செய்யுங்கள். தொடை தசை பலப்பட்டால் முழங்கால் வலி தானாகக் குறையும். தொழிற்சாலையில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கவேண்டும் என்பது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. தண்ணீர் குடிப்பதும் பாத்ரூம் போவதும் நீங்கள் கெஞ்சிக் கேட்கவேண்டிய சலுகை இல்லை.

அப்புறம் அந்தப் பொடி. நாட்டு மருந்தை நான் ஏளனம் செய்பவன் இல்லை. சர்ப்பகந்தி வேர் பிபியை இறக்கும் என்று பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949ல் பிரிட்டிஷ் இதயநோய் மருத்துவ இதழில் எழுதினார். அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து வந்து உலகம் முழுக்கப் பயன்பட்டது. ஆனால் அளவு கூடினால் அது மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பதும் பிறகு தெரிந்தது. உங்கள் கையில் இருக்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் எடுத்துக்கொள்ள வேண்டாம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு சித்த மருத்துவரிடம் போய், ஆங்கில மருந்து எடுப்பதையும் சொல்லி, பிபியை அளந்துகொண்டே செய்யுங்கள்.

உப்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு டீஸ்பூன். குழம்பில் போடுவதைவிட மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைக்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், சாயங்கால டீயோடு வரும் மிக்சர் இவற்றில்தான் உப்பு கணக்கில்லாமல் போகிறது. இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்கிறீர்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், பிபிக்கு வித்தியாசம் இல்லை.

இந்த வாரம் செய்யவேண்டியது

சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் பார்ப்பதும் பரிசோதனையும் மாத்திரையும் உங்களுக்கு இலவசம். உடம்பு முடியாமல் ஓய்வு தேவை என்று ஈஎஸ்ஐ டாக்டர் சான்று கொடுத்தால், விதிகளுக்கு உட்பட்டு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போக நேரமில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து, பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பகலில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள், சரி. உங்கள் பெயரைப் பதிந்து, மாத்திரையை மாமியாரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்குச் சர்க்கரை மாத்திரை ஒரு நாள்கூடத் தீராமல் வரிசையில் நின்று வாங்கிவருகிறீர்கள். அதே வரிசையில் உங்கள் சீட்டையும் நீட்டுங்கள்.

போகும்போது வீட்டில் குறித்த அளவுகளையும், கர்ப்பத்தில் பிபி இருந்த கதையையும், அம்மாவின் பக்கவாதத்தையும், எடுத்த எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின், பொட்டாசியம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, இசிஜி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை கண் டாக்டரிடம் விழித்திரையையும் காட்டிவிடுங்கள். ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று கணவரிடம் கேட்டு அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் பிபியை ஏற்றும். முதலில் 140/90-க்குக் கீழே கொண்டுவருவோம், உடம்பு தாங்கினால் 130/80-க்குக் கீழே.

வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சு குழறுவது, மூச்சு முட்டுவது, நெஞ்சை அழுத்துவது, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பிபி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமே இல்லாத அசதி என்று வரும். அது கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.

மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பதாகவும், இந்த நேரத்தில் வியாதி என்று வெளியே சொன்னால் நன்றாக இருக்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குச் சொல்லவேண்டாம், மகளுக்குச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கர்ப்பத்தில் பிபி இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். அவள் கர்ப்பமானதும் முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே இதைச் சொன்னால், மற்ற அபாயங்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பிப்பார்கள். ஆறாவது மாதம் சொன்னால் அதற்குக் காலம் கடந்திருக்கும்.